பின்னால் வரும் லாரி

"ஹாரன் அடிச்சுட்டா எங்க வேலை முடிஞ்சுதுன்னு நெனைப்போம். அதத்தான் சொல்ல வர்றேன். நான் மட்டும் இல்ல, ரோட்டுல ஓட்டுற அத்தனை பேரும்."

"நீங்களுமா?"

"நானுந்தான். அடிச்சாச்சு, முன்னாடி போறவன் காதுல விழுந்திருக்கும், ஒதுங்கிடுவான். அந்த நம்பிக்கையிலதான் வண்டியே ஓடுது. பிரேக்குக்குக் கால் போறதெல்லாம் அப்புறம்."

"ஒதுங்கலன்னா?"

"திமிர் புடிச்சவன்னு நெனச்சு இன்னொரு தடவ அடிப்போம்."

கேட்டது அவன் மனைவி. அவித்த முட்டையைத் தட்டின் விளிம்பில் தட்டி ஓடு உரித்துக்கொண்டிருந்தாள். அவள் வேலை பார்ப்பது முட்டைக் கிடங்கில். ஒவ்வொரு முட்டையாக எடுத்து, எரிகிற பல்புக்கு முன்னால் பிடித்து, உள்ளே ரத்தப்பொட்டு இருக்கிறதா, ஓட்டில் கீறல் ஓடுகிறதா என்று பார்த்து அடுக்க வேண்டும். கீறல் விழுந்ததை வேலைக்காரர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அதனால் அந்த வீட்டில் எந்தச் சண்டை நடந்தாலும் நடுவில் முட்டை இருக்கும்.

இருவருக்கும் நடுவே உட்கார்ந்து மகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது. பிறவியிலேயே காது கேட்காது. தெருவில் அவளுக்கு வாலு என்று பெயர். கூப்பிட்டால் அவளுக்குக் கேட்கப் போவதில்லை என்பதால், அவளைப் பற்றிக் குறை சொல்ல மட்டுமே அந்தப் பெயர் பயன்பட்டது. வாலு சுவரேறினாள், வாலு பக்கத்து வீட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள். யார் வாய் அசைகிறதோ அந்தப் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தவள், இப்போது முட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கையால் கேட்டாள்.

"என்னப் பத்தியா?"

"உன்னப் பத்தித்தான். தின்னு," என்று அம்மா கையால் சொன்னாள்.

விஷயம் இவ்வளவுதான். கைப்பேச்சு தெரிந்த டீச்சர் ஒருவர் இருக்கிற பள்ளிக்கூடம் கல் குவாரி சாலையைத் தாண்டி இருந்தது. இதுவரை அம்மாதான் கைபிடித்துக் கூட்டிப் போய்விட்டு வேலைக்குப் போனாள். இப்போது கிடங்கில் நேரத்தை மாற்றிவிட்டார்கள். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்பே அவள் பல்புக்கு முன்னால் நிற்க வேண்டும். அப்பா ஜல்லி லாரி ஓட்டுகிறவன். அவன் நேரம் அவன் கையில் இல்லை. வேறு வழி என்றால் பெரிய ஊரில் இருக்கும் ஹாஸ்டல் பள்ளிக்கூடம். அங்கிருந்து ஒரு அம்மா வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். சேர்த்துக்கொள்கிறோம், எப்போது வேண்டுமானாலும் போன் பண்ணுங்கள் என்று சொல்லியிருந்தார்.

"சேத்துடலாம்னுதான் சொல்றேன்," என்றான். "அங்க ரோடு கிடையாது. பெரிய சுவரு, உள்ளேயே எல்லாம்."

"அவங்க கைப்பேச்சு வேற. அந்தம்மா பேசினப்ப பாத்தேன்ல, எனக்கு ஒண்ணுமே புரியல. நம்ம வீட்டுப் பேச்சு நாமளா உண்டாக்கினது. அங்க போனா இது அவளுக்கு மறந்துடும். லீவுக்கு வருவா. பேசுவா. நாம ரெண்டு பேரும் பேந்தப் பேந்த முழிச்சுக்கிட்டு உக்காந்திருப்போம். அதுக்குத்தான் பெத்தோமா?"

அவர்கள் வீட்டில் அம்மா என்றால் ஒரு கண்ணுக்கு முன்னால் முட்டை பிடிப்பது. அப்பா என்றால் ஸ்டியரிங்கைத் திருப்புவது. அந்த இரண்டு சைகையும் உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

"அப்ப என்னதான் பண்ணச் சொல்ற?"

"சைக்கிள். நீங்கதான் சொல்லிக் கொடுக்கணும். ரோட்டப் பத்தி உங்களுக்குத்தானே தெரியும்."

தெரியும் என்பதுதான் அவனுடைய பயம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் வலதுகால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அங்கே பிரேக் இல்லை.

வார விடுமுறையில், கல்லை ஜல்லியாக உடைக்கும் கிரஷர் முற்றம் காலியாக இருக்கும். லாரிகளை எடை போடும் மேடைக்குப் பக்கத்தில் நல்ல கெட்டித்தரை. அங்கே வைத்துத்தான் தொடங்கினான். கிடங்கு மேற்பார்வையாளர் வீட்டில் சும்மா கிடந்த பழைய சைக்கிள், சீட்டை இறக்கியதில் அவளுக்குச் சரியாக இருந்தது. அவன் சீட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடி ஓடினான். லாரியில் உட்கார்ந்தே உடம்பு வளர்த்தவனுக்கு இரண்டு சுற்றுக்கே மூச்சு வாங்கியது.

வேலை இல்லாவிட்டாலும் முற்றத்திலேயே கிடக்கும் இன்னொரு டிரைவர் வேடிக்கை பார்த்தான். தடிமனான கண்ணாடி போடுவதால் அவனுக்கு சோடா என்று பெயர்.

பெடல் அவளுக்கு உடனே வந்துவிட்டது. பயமும் இல்லை. வேறொன்றுதான் வரவில்லை. நன்றாக ஓட்டிக்கொண்டு போவாள், எதையோ பார்ப்பாள், அது என்னவென்று கேட்க வேண்டும் என்று தோன்றும். உடனே இரண்டு கையையும் விட்டுவிட்டுக் கேட்பாள். கேள்வி பாதியில் இருக்கும்போதே தரையில் கிடப்பாள்.

"டயர் வெடிச்சு விழுந்தவனப் பாத்திருக்கேன், தண்ணியப் போட்டு விழுந்தவனப் பாத்திருக்கேன். பேசி விழுந்தவள இப்பத்தான்டா பாக்குறேன்," என்றான் சோடா.

"சிரிக்காத மாப்ள. முட்டி கிழிஞ்சு போச்சு."

"என்னதான் கேட்டா?"

"அந்த எடை மேடையில யானைய நிறுத்தினா தாங்குமான்னு கேக்குறா."

"தாங்கும்னு சொல்லு."

சைக்கிளில் உட்கார்ந்தால் பேசக் கூடாது என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். வீட்டில் மனைவி கிழிந்த முட்டிக்கு மருந்து போட்டபடி, "பேச வைக்கத்தான் இத்தன வருஷம் பாடுபட்டோம், இப்ப வாய மூடச் சொல்லிக் கொடுக்கிறீங்க," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் அவனுக்கு என்னவோ செய்தது.

ஒருவழியாகப் பேசாமல் ஓட்டப் பழகினாள். ஹேண்டில்பாரில் லாரிக் கண்ணாடி ஒன்றை வெட்டி மாட்டிக் கொடுத்தான். முதல் நாள் முழுக்க அதில் பல்லைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். இரண்டாம் நாள் குவாரித் தூசி படிந்து, கண்ணாடியில் வெளிச்சமும் மஞ்சளும் மட்டும் தெரிந்தன. கம்பெனி லாரிகள் எல்லாமே மஞ்சள்.

சாலையில் விடும் நாள் வந்தது. விட அவனால் முடியவில்லை. அதனால் அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். காலையில் காலி லாரியோடு அவன் குவாரிக்குப் போகிற வழிதான் அவள் பள்ளிக்கூட வழியும். அவள் முன்னால் சைக்கிளில் போனாள். அவன் பின்னால் முதல் கியரில் லாரியை உருட்டிக்கொண்டு போனான். அவனைத் தாண்டாமல் யாரும் அவளைத் தொட முடியாது. சாலையை அடைத்துக்கொண்டு போன அந்த மஞ்சள் சுவருக்குப் பின்னால் மற்ற லாரிகள் வரிசை கட்டி நின்று ஹாரன் அடித்தன.

"என்னடா, மாப்பிள்ளை ஊர்வலமா?" என்று ஒருவன் தலையை நீட்டிக் கத்தினான்.

"ஆமா. மொய் எழுதிட்டுப் போ," என்று இவனும் கத்தினான். அந்த நாட்களில் அவனுக்குப் பயம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

வழியில் ஒரு சின்னப் பாலம் உண்டு. ஒரு வண்டிதான் போகலாம், இரண்டு பக்கமும் இடுப்புயரக் கட்டைச்சுவர். ஓரமாகப் போனால் பின்னால் வருகிறவன் இடித்துக்கொண்டு முந்தப் பார்ப்பான். அதனால் பாலம் வந்தால் நடுவில் போ என்று சொல்லிக் கொடுத்திருந்தான். "பயப்படாத, பின்னாடி நான் இருக்கேன்."

ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் அவன் லாரியை நிறுத்தியதும் அவள் ஓடி வந்து படியில் ஏறினாள். நெஞ்சைத் தட்டினாள். பிறகு ஹேண்டில்பாரைப் பிடித்திருப்பதுபோல இரண்டு கையையும் வைத்து நடுக்கிக் காட்டினாள். கடைசியில் ஸ்டியரிங்கைத் திருப்பினாள். நீ பின்னாடி வர்றது எனக்கு இங்க தெரியுது, கையில தெரியுது, பாக்கவே வேணாம்.

அன்று முழுக்கக் குவாரியில் பார்த்தவர்களிடமெல்லாம் அதைச் சொன்னான். எங்க வீட்டு வாலுக்கு லாரி சத்தம் கை வழியா கேக்குது என்றான். அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று அவனுக்கும் தோன்றவில்லை, கேட்ட டிரைவர்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

"இன்னும் எத்தன நாளைக்கு இப்படிக் கூடவே போவீங்க?" என்று மனைவி கேட்டாள். "கம்பெனியில சும்மா இருப்பாங்களா? அவளும் தனியா போய்ப் பழகணும்ல."

"நாளைக்குத் தனியா விடுறேன்," என்றான்.

விட்டான். ஆனால் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் முன்னதாகவே கிளம்பி, பாலத்தைத் தாண்டி வளைவில் இருக்கும் பஞ்சர் கடையில் லாரியை நிறுத்திக்கொண்டான்.

"காத்து புடி," என்றான் கடைக்காரனிடம்.

"நேத்துதானே புடிச்ச?"

"இன்னைக்கும் புடி."

"வெடிச்சுத் தொலையும்."

"அப்ப எறக்கிட்டுப் புடி."

கடைக்காரன் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான். அவன் உட்காரவில்லை. சாலை வெறுமையாகக் கிடந்தது. தூரத்தில் கிரஷர் அரைக்கும் சத்தம் மட்டும் வந்தது. அவள் வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்று பயம், வந்துவிட்டால் வந்துவிட்டாளே என்று பயம். இரண்டில் எது நடந்தாலும் தாங்காது போல இருந்தது.

முதலில் ஹேண்டில்பார் மின்னியது. பிறகு சைக்கிள் தெரிந்தது. ஓரத்தில் ஒழுங்காக, முதுகை நிமிர்த்தி ஓட்டி வந்தாள். அவனுக்கு மூச்சு வெளியே வந்தது. அப்போது அவளுக்குப் பின்னால் தூசி எழுந்தது. தூசிக்குள் மஞ்சள் மூக்கு ஒன்று.

ஹாரன் கேட்டது. அவள் திரும்பவில்லை. இன்னும் இரண்டு தடவை நீளமாகக் கேட்டது. லாரி நெருங்கியது. அவள் கண்ணாடியைப் பார்த்தது இங்கிருந்தே தெரிந்தது. பார்த்துவிட்டு இடது கையை மேலே தூக்கி எதையோ பாதியாகத் திருப்பிக் காட்டினாள்.

அது என்னவென்று அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஒரு கையால் பிடித்த ஸ்டியரிங். அப்பா.

பின்னால் வருகிற லாரியைப் பார்த்து அப்பா என்கிறாள்.

கையைப் பார்த்த லாரி வேகம் பிடித்தது. பாலத்துக்கு முன்னால் முந்திவிடலாம் என்று வலதுபக்கம் எடுத்தது. பாலம் வந்துவிட்டதால், சொல்லிக் கொடுத்தபடியே, வாலு நடுவுக்கு வந்தாள்.

அவன் கத்தினான். மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினான். அவள் பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. கத்திக்கொண்டே ஓடினான். ஓடுகிற கால்களில் வலதுகால் மட்டும் ஒவ்வொரு தடவையும் தரையை ஓங்கி அழுத்தியது. ஏர் பிரேக் சீறியது. காலிப் பெட்டி தடதடத்தது. ஜல்லி சிதறிக் கிடந்த சாலையில் லாரி குறுக்காக வழுக்கிக்கொண்டு போய்க் கட்டைச்சுவரில் மோதும் சத்தம் கேட்டது. அப்புறம் தூசி. தூசியைத் தவிர ஒன்றும் இல்லை.

தூசிக்குள்ளிருந்து சைக்கிள் வந்தது.

பாலத்தின் முடிவில் அவள் ஒரு காலை ஊன்றி நின்றாள். கையில் வந்துகொண்டிருந்த நடுக்கம் திடீரென்று நின்றுவிட்டதால்தான் நின்றிருக்க வேண்டும். எதிரே ஓடி வருகிற அப்பாவைப் பார்த்தாள். சிரித்தாள். பிறகு சிரிப்பு அப்படியே இருக்க, மெதுவாகத் திரும்பிப் பின்னால் நின்ற லாரியைப் பார்த்தாள். மறுபடி அப்பாவைப் பார்த்தாள். அப்பா முன்னால் நின்றால் பின்னால் யார் என்று அவளுக்கு விளங்கவில்லை.

அவன் அவளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். தலை, தோள், கை, கால். எல்லாம் இருந்தது.

லாரியிலிருந்து சோடா இறங்கினான். கட்டைச்சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைக்கப் பார்த்தான். அது கைநழுவிக் கீழே விழுந்தது.

"மூணு தடவ அடிச்சேன் மாப்ள," என்றான். "மூணு தடவ."

"எனக்குக் கேட்டுச்சு."

"கையத் தூக்கிக் காட்டுச்சு. சரி, கேட்டுடுச்சு, ஒதுங்கப் போகுதுன்னுதான் நெனச்சேன். ஒதுங்கும்னு எடுத்தா நடுவுல வருதுடா."

"உனக்குத் தெரியாதா அவளுக்குக் காது கேக்காதுன்னு?"

"உன் பொண்ணுக்குக் கேக்காதுன்னு தெரியும். முன்னாடி போறது உன் பொண்ணுன்னு முதுகுலயா எழுதி ஒட்டியிருக்கு? இவ்ளோ நாளும் பின்னாடி உன் லாரிதானே போச்சு? ரோட்டுல நாங்க யாரும் இவ முதுகப் பாத்ததே இல்லையேடா."

வாலு கீழே விழுந்த கண்ணாடியை எடுத்து, பாவாடையில் துடைத்து, சோடாவின் மடியில் வைத்தாள். அவன் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

அன்று சாயங்காலம் மனைவி வேலை முடிந்து வந்து, கைகால் கழுவி, அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன்பே அவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். பஞ்சர் கடையில் ஒளிந்து நின்றதையும் சொன்னான். அவள் கையில் தீப்பெட்டியை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"லாரின்னா ஓடுன்னு சொல்லிக் கொடுத்திருக்கணும். நீங்க லாரின்னா அப்பான்னு சொல்லிக் கொடுத்திருக்கீங்க."

"வேணும்னா செஞ்சேன்?"

"வேணும்னு செஞ்சீங்கன்னு யார் சொன்னா?"

வாசலில் வாலு சைக்கிள் கண்ணாடியைத் தண்ணீர் தொட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஹாஸ்டல் அம்மா போன் நம்பர் வச்சிருக்கீங்கல்ல?" என்றாள் மனைவி. குரல் சாதாரணமாக இருந்தது. அதுதான் அவனை உலுக்கியது. "கண்ணுக்கு முன்னாடி இருக்கணும்னு நெனச்சேன். எங்கயாவது இருந்தா போதும்."

"ஒரு நாள் குடு. லீவு அன்னைக்கு முற்றத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். நான் சொல்லிக் கொடுத்தத நானே அழிச்சுடுறேன். அதுக்கப்புறமும் பயமா இருந்தா நானே போன் பண்றேன்."

"அழியுமா?" என்றாள். பிறகு தீக்குச்சியை உரசினாள்.

விடுமுறை அன்று முற்றத்தில் இரண்டு மஞ்சள் லாரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். சோடாவின் லாரிக்கு முன்பக்கம் நசுங்கியிருந்ததால் ஒரு சாக்கைப் போட்டு மூடினார்கள். இரண்டு எஞ்சினையும் ஓட விட்டார்கள். அவன் யோசித்து வைத்தது சுலபமான காரியம். எல்லா லாரியும் ஒரே மாதிரிதான் நடுங்கும், கையை வைத்துப் பார்த்து யாரென்று சொல்ல முடியாது என்று அவளே தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொண்டால் பயம் தானாக வரும்.

"கைய வை," என்றான். அவள் அவன் லாரியின் கதவில் உள்ளங்கையை வைத்தாள். "இதுல வை." சோடாவின் லாரியில் வைத்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதானே?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். முதல் லாரியைக் காட்டி ஸ்டியரிங்கைத் திருப்பினாள்.

"பாத்துட்டுச் சொல்றா," என்றான் சோடா. "கண்ணக் கட்டு."

துண்டால் கண்ணைக் கட்டினார்கள். சோடா அவளைத் தோளைப் பிடித்து நன்றாகச் சுற்றிவிட்டான். அவள் தள்ளாடிப் போய் ஒரு லாரியில் கை வைத்தாள், கொஞ்சம் யோசித்தாள், நகர்ந்து மற்றதில் வைத்தாள். திருப்பினாள் ஸ்டியரிங்கை. சரியாகத்தான் இருந்தது. மறுபடி சுற்றிவிட்டார்கள். மறுபடியும் சரி. இந்தத் தடவை உள்ளங்கையை வைத்த உடனே சொன்னாள்.

"என் வண்டி எது, உன் வண்டி எதுன்னு கண்ணக் கட்டினா எனக்கே தெரியாதுடா," என்றான் சோடா. அவனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "எப்படிடா கண்டுபிடிக்குது?"

அப்பாவுக்கு ஆச்சரியம் வரவில்லை. அவள் தவறாகச் சொல்ல வேண்டும், ஒரே ஒரு தடவையாவது தவறாகச் சொல்ல வேண்டும் என்று அவன் மனதுக்குள் மன்றாடிக்கொண்டிருந்தான்.

துண்டை அவிழ்த்து, முன்னால் குந்தி உட்கார்ந்து, அவள் முகத்துக்கு நேராகக் கையை வைத்து நிதானமாகச் சொன்னான்.

"ரோட்டுல கை வச்சுப் பாக்க முடியாது. அன்னைக்குத் தப்பாச் சொன்ன. பின்னாடி நடுக்கம் தெரிஞ்சா உடனே எறங்கு. ஓரத்துல நில்லு. லாரி போனப்புறம் போ."

"எந்த லாரியா இருந்தாலும்?"

"எந்த லாரியா இருந்தாலும்."

"நீ வந்தாலும்?"

அவன் ஸ்டியரிங்கைத் திருப்பிக் காட்டினான். "நான் வந்தாலும்."

அவள் அவனையே பார்த்தாள். கோபமா அழுகையா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. பிறகு எழுந்து போய், எடை மேடையில் சாய்த்து வைத்திருந்த சைக்கிளை எடுத்து, இரண்டு லாரிகளுக்கும் முன்னால் உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள். ஹேண்டில்பாரிலிருந்த கண்ணாடியைப் பிடித்துத் திருகி, அதன் முகம் தரையைப் பார்க்கும்படி கவிழ்த்தாள். இடுப்பால் சைக்கிளைத் தாங்கிக்கொண்டு, இரண்டு கையாலும் வேகமாகப் பேச ஆரம்பித்தாள்.

"நான் முன்னாடி போறேன். நீ ஒரு தடவ வா. சோடா மாமா ஒரு தடவ வரட்டும். யாரு மொதல்லன்னு சொல்லாதீங்க. நான் திரும்பிப் பாக்க மாட்டேன். எறங்கவும் மாட்டேன். யாருன்னு சொல்றேன்."

"பாப்பா என்னடா சொல்லுது?" என்றான் சோடா. "எனக்கும் சொல்லு மாப்ள."

எஞ்சின்கள் இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. அவன் எழுந்திருக்கவில்லை. அவன் பார்க்கவில்லையோ என்று நினைத்து அவள் கிட்டே வந்து, அவன் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் நிமிர்த்தி, மறுபடியும் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில் இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டாள்.

"மெதுவா வரக் கூடாது. ரோட்டுல மத்தவங்க வர்ற மாதிரியே வாங்க."